ஒன்றிலிருந்து பத்துவரை

ஈரப் பஞ்சு நெற்றியில் பட்டதும் முவாஜுமா கண்களை மூடிக்கொண்டாள். முதலில் வந்தது குளிர்ச்சி. பின்னாலேயே களிம்பின் வாடை, மெழுகும் மலிவான பன்னீரும் கலந்த வாடை, ஏழு ஆண்டுகள் பழகியும் தொண்டையில் வந்து நின்றுகொள்கிற வாடை. பஞ்சு புருவத்தைக் கடந்து கன்னத்துக்கு இறங்கியது. கறுப்பின்மேல் கறுப்பு. ஒப்பனைக்காரர் நாகரத்தினம் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவரைப்போல மேலிருந்து கீழாக ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் குற்றமில்லை. ஒளிப்பதிவாளரின் உதவியாளன் காலையிலேயே வந்து, "மாஸ்டர், வெயில்ல அந்தம்மா வெளுப்பாத் தெரியுது, ரெண்டு கோட்டு சேத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். தான்சானியாவின் டாங்கா நகரில் பிறந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்தத் தோலுக்குள்ளேயே குடியிருந்தவளுக்கு, ஆப்பிரிக்கக்காரியாகத் தெரிவதற்கு இன்னும் இரண்டு பூச்சு குறைகிறது. சிரிக்கலாம். முதல் இரண்டு ஆண்டுகள் சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை, சிரித்தால் கன்னத்தில் களிம்பு விரிசல் விடும், நாகரத்தினம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முவானங்கு யூக்கோ வாப்பி. உதடு அசையாமல் நாக்கை மட்டும் மேலண்ணத்தில் உருட்டி அந்த வரியை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் பிள்ளை எங்கே. மூன்றே சொற்கள். இன்று அவளுக்கு மூன்று சொற்கள் இருந்தன. பதினேழு படங்களில் ஓடியிருக்கிறாள், அடிபட்டிருக்கிறாள், நெருப்பைச் சுற்றி ஆடியிருக்கிறாள், செத்திருக்கிறாள், பேசியதில்லை. சென்னைக்கு வடக்கே மூடிக் கிடந்த இந்த நூற்பாலையில், போதைப்பொருள் கும்பலின் கிடங்காக மாற்றப்பட்ட இந்தத் தகரக் கொட்டகையில், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அவள் பேசப்போகிறாள். இணை இயக்குநர் இளம்பரிதி வாக்குக் கொடுத்திருந்தான்.

கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் மூன்று பெண்கள் இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் கதாநாயகி. அவளுடைய கேரவனில் குளிர்சாதனம் பழுதாகிவிட்டதால் இன்று மட்டும் இந்தப் பொது அறைக்கு வந்திருந்தாள். வடக்கிலிருந்து வந்தவள், சுண்டினால் சிவக்கும் நிறம். படத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் பெண். ஆகவே அவளுக்கும் மாநிறக் களிம்பு ஏறிக்கொண்டிருந்தது, கழுத்துவரை, கைகள் முழங்கைவரை. இருவருக்கும் ஒரே தகர டப்பா, ஒரே கரும்பழுப்பு, அவளுக்கு மெல்லியதாக, முவாஜுமாவுக்குக் கெட்டியாக. இருவருக்கும் நடுவில், கொண்டை ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றவள் முடி அலங்காரம் செய்கிற தவமணி. எண்ணூர்க்காரி, அப்பனோடு உப்பளத்தில் உண்மையாகவே மண்வெட்டி பிடித்தவள், அந்த டப்பாவின் நிறத்தைப் பிறவியிலேயே பெற்றவள். இருபது வயதில் நடிக்க வந்து, முகம் ஒளி வாங்காது என்று சொல்லப்பட்டு, சீப்பைக் கையில் எடுத்தவள். "ஏன் மாஸ்டர், இவளுக்கு எதுக்கு இன்னொரு கோட்டு? ஆண்டவன் போட்டு அனுப்பிச்சது பத்தலியா?" என்றாள் தவமணி ஊசிகளுக்கிடையே. "நீ சும்மா இரு. ஆப்பிரிக்கா தெரியணுமாம்." "அப்ப இந்தப் பொண்ணுக்கு?" "அதுக்கு உப்பளம் தெரியணும்." "எனக்கு?" "உனக்கு எதுவும் தெரிய வேணாம், கிளிப்ப எடு." "அதான! எனக்கு ஓசியிலயே ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. நாப்பத்தாறு வருஷமாக் கழுவுறேன், போவ மாட்டேங்குது" என்று தவமணி சொல்ல, நாகரத்தினம் குலுங்கிச் சிரித்தார். கதாநாயகி ஒன்றும் புரியாமல் இனிமையாகப் புன்னகைத்தாள். முவாஜுமாவுக்கு எல்லாம் புரிந்தது, அதுதான் அவளுடைய துன்பம். மொழி புரியாதவர்களுக்கு இறைவன் ஒரு கூரையைக் கொடுத்திருக்கிறான். அவள் ஏழு ஆண்டுகள் உழைத்துத் தன் கூரையைத் தானே பிரித்துவிட்டாள்.

"மோசமா மேடம் ரெடியா?" வாசலில் இளம்பரிதியின் தலை. அவன் நல்லவன். இந்தப் படப்பிடிப்பில் அவளை மேடம் என்று அழைக்கும் ஒரே மனிதன். வெள்ளிக்கிழமையில், ஜும்மா நாளில் பிறந்ததால் முவாஜுமா என்று அம்மா பெயரிட்டாள். முதல் படத்தில் யாரோ அதை மோஜுமா என்று எழுத, அடுத்தவர் அதை மோசமா என்று படிக்க, அன்றிலிருந்து நடிகர்களின் அன்றாடப் பட்டியலில் அவள் மோசமா. ஓர் ஆட்டோ ஓட்டுநர், ரோடு ரொம்ப மோசமா இருக்கும்மா என்று சொன்ன நாளில்தான் பொருள் விளங்கியது. திருத்திப் பார்த்தாள். திருத்திய அன்று மாலைவரை முவாஜுமா என்பார்கள், மறுநாள் நாக்கு பழைய பள்ளத்துக்கே திரும்பிவிடும். "பத்து நிமிஷம் சார்" என்றாள். "லைன் ஞாபகம் இருக்குல்ல?" என்றான் அவன். ஞாபகமா! போன மாதம் அவன் தயங்கித் தயங்கி வந்து, மேடம், கும்பல்காரனோட அம்மாவா ஒரு கேரக்டர், மகனை ஹீரோ சுட்டுடுறாரு, அம்மா ஓடி வந்து என் பிள்ளை எங்கேன்னு கேக்குறாங்க, உங்க பாஷையில அது எப்படி என்று கேட்டபோது, அந்த வரி அவளுடைய தொலைபேசிக்குள்ளிருந்து அப்படியே எழுந்து வந்தது. அம்மா அதில் சொல்லிச் சொல்லிக் கேட்ட வரி அது. அம்மாவுக்குக் கண் நோயால் பார்வை முழுவதும் அணைந்து நான்கு ஆண்டுகளாகின்றன. முவாஜுமா நடித்த படம் வெளிவந்தால் பக்கத்து வீட்டார் தங்கள் தொலைக்காட்சியில் போட்டு அம்மாவை நடுவில் உட்கார வைப்பார்கள். இதோ உன் மகள், இதோ ஓடுகிறாள், இதோ விழுந்தாள் என்று சொல்வார்கள். அம்மா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பாள். அடிதடியின் சத்தம் வரும், வாத்தியங்களின் சத்தம் வரும். அம்மா எல்லோரையும் கேட்பாள்: முவானங்கு யூக்கோ வாப்பி? ஒருமுறை அவள் ஆறாவது மாடியிலிருந்து விழுந்து சாகும் காட்சியில் ஓர் அலறல் கேட்டது. பலகுரல் கலைஞன் ஒருவன் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருபது கறுப்பர்களுக்கும் சேர்த்துக் கொடுத்த அலறல் அது. மறுநாள் அம்மா அழைத்து, "மகளே, உன் தொண்டைக்கு என்ன ஆயிற்று? ஆணின் குரலாக இருக்கிறதே, மருந்து சாப்பிடுகிறாயா?" என்றாள். இந்த முறை பேசுகிறேன் அம்மா, என் குரலிலேயே பேசுகிறேன், நீ கேட்பாய் என்று முந்தாநாள்தான் சொல்லியிருந்தாள். சொல்லியிருக்கக் கூடாதோ. வாக்குக் கொடுப்பது எளிது, அதைச் சுமந்துகொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் கடினம்.

ஆணின் குரல். அந்தச் சொல் எங்கோ மாட்டிக்கொண்டது, பின்னலில் சிக்கிய சீப்பைப்போல. தன் நாட்டின் தாருஸ்ஸலாம் நகரில் நாடகம் படித்த காலத்தில் அவள் ஓர் அரசனாக நடித்தாள். கேட்டு வாங்கிய வேடம். ஆடவர் இருவர் அந்த வேடத்துக்குப் போட்டியிட்டார்கள், அவள் அவர்களைவிட மெதுவாக நடந்து அதை வென்றாள். அரசன் அவசரப்படமாட்டான் என்பதை அவள் மட்டும் கண்டுபிடித்திருந்தாள். மூன்று வாரங்கள் அந்த அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபோது தனக்குள் இன்னும் பல அறைகள் இருப்பதையும், எந்த அறைக்கும் ஆண் பெண் என்று பலகை மாட்டப்படவில்லை என்பதையும் அறிந்தாள். வீட்டுக்கு வந்து அங்கியைக் கழற்றினால் அதே முவாஜுமா, கொஞ்சம் அகன்றவளாக. சென்னையிலும் அவளுக்கு ஆண் வேடம் கிடைத்தது. மூன்றாவது படத்தில், வர வேண்டிய கல்லூரி மாணவர்கள் இருவர் வராமற்போகவே, சண்டைப் பயிற்சியாளர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "ஆறடி இருக்குது, தலையில முடியும் இல்ல, ஒரு மீசைய ஒட்டி நிறுத்துங்கப்பா, யாருக்குத் தெரியப்போவுது" என்றார். பசை போட்டு மீசை ஒட்டினார்கள். அங்கும் ஆடவரின் உடை, இங்கும் ஆடவரின் உடை. ஆனால் முன்னது அவள் ஏறிச் சென்ற படி, பின்னது அவளைப் பெண்ணென்று எண்ண மறுத்தவர்கள் அவள்மேல் வீசிய கோணிச் சாக்கு. வேடம் மனிதரைப் பெரிதாக்கவும் செய்யும், துடைத்து எடுக்கவும் செய்யும். யார் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. அதைவிட அஞ்சத்தக்கது ஒன்று இருந்தது. அதை நினைக்காமலிருக்க அவள் கண்ணாடியின் விளிம்பில் ஒட்டியிருந்த பொட்டுகளை எண்ணினாள், ஆயினும் அது வந்தது. இரண்டு ஆண்டுகளாக அவளே ஆட்களை அழைத்து வருகிறாள். கென்யா, காங்கோ, சூடான் மாணவர்கள். பொறியியல் படிப்பவர்கள், மருந்தியல் படிப்பவர்கள். வரிசையாக நிற்க வைத்து, கண்ணை இப்படி உருட்டு, பல்லைக் காட்டு, தோளை உயர்த்தி நட என்று கற்றுக்கொடுப்பவள் அவள்தான். சூடான் மாணவன் ஒருவன், "அக்கா, நம் ஊரில் யார் இப்படி நடக்கிறார்கள்?" என்று கேட்டபோது, "நட, சீக்கிரம் முடியும்" என்றாள். சென்ற வாரம் காய்கறி வாங்கப் போனவள் கடைக் கண்ணாடியில் தன் நடையைப் பார்த்தாள். தோள் உயர்ந்திருந்தது. எப்போதிலிருந்து? யாரும் படம் எடுக்கவில்லையே. அந்த இடத்தில் நினைவு நின்றுவிடும், அதற்குமேல் போகாது, மறுபடி பொட்டுகள், மறுபடி மூன்று சொற்கள்.

காத்திருந்த ஆண்டுகளில் அவள் தனக்கென்று ஒரு கதை கட்டியிருந்தாள். ஓர் அரசனிடம் ஒரு விளக்கு இருந்தது. அதன் ஒளியை எல்லோரும் புகழ வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நண்பகலில் அதைச் சபையில் ஏற்றினான், யாரும் வியக்கவில்லை. அமைச்சர் சொன்னபடி இருட்டை வரவழைத்து விளக்கின் பின்னால் நிறுத்தினான். விளக்கு சுடர்ந்தது, சபை கைதட்டியது. நாள்தோறும் இருட்டு வந்து நின்றது. ஒருநாள் அது, அரசே, நானும் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கேட்டது. சபை விழுந்து விழுந்து சிரித்தது, இருட்டுக்கு வாயுண்டா என்று. அரசன் மட்டும் சிரிக்கவில்லை, அஞ்சினான். அது பேசினால் எல்லோரும் விளக்கை விட்டு அதைப் பார்ப்பார்களே! இந்தக் கதைக்கு அவள் முடிவு கட்டவில்லை. ஒவ்வொரு படப்பிடிப்பிலும் ஒரு முடிவை வைத்துப் பார்ப்பாள், எதுவும் உட்காராது. கைதட்டுகிற நல்லவர்களே, என்று மட்டும் சொல்லத் தோன்றும்; பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு இருளில் அமர்ந்திருப்பவர்களே, ஒரே ஒருமுறை நாயகனை விட்டுவிட்டு அவன் பின்னால் நிற்பவளின் உதடுகளைப் பாருங்கள். அவள் ஏதோ சொல்கிறாள். அதை அறியாமல் வீடு திரும்பாதீர்கள். நாளை உங்கள் தெருவில் அவளைக் காணும்போது, திரையில் கேட்ட அலறலைத்தான் அவளிடமும் கேட்பீர்கள், அவள் வாடகைக்கு வீடு கேட்டால் இல்லை என்பீர்கள். இதைச் சொல்ல மேடை இல்லாததால் கண்ணாடியிடம் சொன்னாள். கண்ணாடியில் கதாநாயகி வசனம் பயின்றுகொண்டிருந்தாள்: "ஒன், டூ, த்ரீ, ஃபோர்… ஃபைவ், சிக்ஸ்?" தமிழ் வராதவர்கள் எண்களைச் சொன்னால் போதும், பிறகு வேறொருத்தி குரல் கொடுப்பாள். அந்த எண்கள் காதலாகும், ஊடலாகும், தாலாட்டாகும். பாவம், இவளும்தான் ஊமை; ஆனால் இவளுடைய ஊமை வாய்க்கு இனிய குரலை வாங்கிப் பூட்டுகிறார்கள். முவாஜுமா விளையாட்டாகத் தன் மொழியில் எண்ணினாள். மோஜா, ம்பிலி, தாத்து, ன்னே, தானோ, சீதா, சாபா, நானே, தீசா, கூமி. தமிழ் ஏறிய காதுக்கு ஐந்து தானோ என்று ஐயமாகக் கேட்டது, ஆறு சீதையானது, ஏழு சாபம்போல ஒலித்தது, எட்டு நானே என்று மார்தட்டியது. எண்களுக்குக்கூட இங்கே வேறு பெயர் வைத்துவிட்டேன் என்று நினைத்தபோது வெளியே ஒலிபெருக்கி அழைத்தது.

வெளியே வெயில் தகரத்தில் பட்டுக் கண்ணைக் குத்தியது. இயக்குநர் கழுத்தில் ஈரத்துண்டோடு நின்றிருந்தார். ஹீரோ ஒரு மணிக்குப் புறப்பட வேண்டும் என்ற செய்தி வந்திருந்தது. இளம்பரிதி அவர் காதருகே குனிந்து பேசுவதையும் அவர் கையை உதறுவதையும் அவள் தொலைவிலிருந்தே பார்த்தாள். பக்கத்தில் வந்தபோது சொற்களும் கேட்டன. "டயலாக்லாம் வேணாம்பா. ஹீரோ நடந்து போறாரு, பின்னாடி அந்தம்மா கத்துது, அவ்ளோதான்." "சார், ஒரே ஒரு வரி சார். மகனைத் தேடுற அம்மா…" "எந்த பாஷைப்பா அது? கீழ எழுத்துல போட்டா, ஜனம் ஹீரோ மூஞ்சியப் பாக்குமா, எழுத்தப் படிக்குமா? எதுனா கத்தச் சொல்லு. கோவமா." இளம்பரிதி அவள் பக்கம் திரும்பினான். அவனுடைய முகத்தில் மன்னிப்பு இருந்தது. மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "மேடம், நீங்க அந்த லைனையே சொல்லுங்க, நான் பாத்துக்குறேன்" என்று மெல்லச் சொன்னான். கேமரா ஓடியது. ஹீரோ நடந்தார். அவள் ஓடி வந்தாள். நாகரத்தினத்தின் இரண்டு பூச்சும் வியர்வையில் இளகி வழிந்தன, தோள் தானாக உயர முயன்றது, அவள் அதை இறக்கினாள். அரசனைப்போல ஒரு கணம் அவசரப்படாமல் நின்றாள். டாங்காவில் ஒரு பழைய நாற்காலியில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பவள் அவளுடைய தொண்டைக்குள் வந்து அமர்ந்தாள். கத்தவில்லை. முவானங்கு யூக்கோ வாப்பி? வேண்டியவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். ஹீரோவின் கால் தயங்கியது. அவர் நின்றார். திரும்பி அவளைப் பார்த்தார். "கட்! கட்! ஏன் சார் நின்னுட்டீங்க?" என்று ஓடினார் இயக்குநர். "தெரியல சார், ஏதோ கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றார் ஹீரோ, சற்று வெட்கத்தோடு.

ஒரு கணம் அது நிகழ்ந்தது. தன் வாழ்நாளில் அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது என்று நினைத்தாள். ஆனால் இயக்குநர் எதையும் கவனிக்காமல் விட்டுவிடுகிற மனிதர் அல்லர், தொழில் தெரிந்தவர், அவருக்கும் கேட்டிருந்தது, அதனால்தான் அவர் இளம்பரிதியைத் தனியே இழுத்துச் சொன்னார், ஆயினும் கொட்டகை முழுவதற்கும் கேட்டது: "அந்தம்மா அழுதா ஜனம் அந்தப் பக்கம் சாஞ்சுடும்யா. அப்புறம் ஹீரோ சுட்டது தப்புன்னு ஆயிடும். அவங்களப் பாத்தா பயம் வரணும், பாவம் வரக் கூடாது. நம்பர் சொல்லச் சொல்லு." இளம்பரிதி வந்தான், தரையைப் பார்த்தபடி சொன்னான்: "மேடம், கோவமா… ஒன்னுலேருந்து பத்து வரைக்கும்." கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று தோன்றியது அவளுக்கு. அரசன் இருட்டைக் கொல்லவில்லை, விரட்டவுமில்லை. பேசு, ஆனால் எண்களை மட்டும் பேசு என்று அனுமதி கொடுத்துவிட்டான். இரண்டாம் முறை கேமரா ஓடியது. அவள் பல்லைக் காட்டினாள், கண்ணை உருட்டினாள், தோளை உயர்த்தினாள். சூடான் மாணவனுக்குக் கற்றுக்கொடுத்த எல்லாவற்றையும் செய்தாள், ஒன்றையும் மறக்கவில்லை. மோஜா! ம்பிலி! தாத்து! ஹீரோ நிற்காமல் நடந்தார். ன்னே! தானோ! சீதா! யாரோ களுக்கென்றார்கள். சாபா! அவளுக்கே தெரியாமல் அடிவயிற்றிலிருந்து எழுந்து, தொண்டையைக் கிழித்துக்கொண்டு, கூரைத் தகரம் அதிர வந்தது எட்டாம் எண்: "நானே!" கொட்டகை வெடித்துச் சிரித்தது. "தமிழ் பேசுதுடா மோசமா!" என்றது விளக்குக்காரர்களின் மேடை. ஹீரோ வாயைப் பொத்திக்கொண்டார். இயக்குநரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், சிரித்து முடித்து, "ஓகே, ஓகே, டப்பிங்ல நம்ம மிமிக்ரி பையன வெச்சு உறும விட்டுக்கலாம், காமெடி ஆயிடப் போவுது" என்றார். இப்போது பதிவானது பைலட் டிராக் மட்டும், குரல் கொடுப்பவருக்கு வாயசைவைக் காட்டும் வழித்துணை, வேலை முடிந்ததும் அழிக்கப்படுவது. அது அவளுக்குத் தெரியும். தீசா, கூமி என்ற கடைசி இரண்டையும் யாரும் கேட்காதபோதும் அவள் சொல்லி முடித்தாள். தொடங்கிய எண்ணிக்கையைப் பாதியில் விடக் கூடாது.

அறையில் தவமணி தேங்காயெண்ணெயில் நனைத்த பஞ்சால் அவள் முகத்தைத் துடைத்தாள். பஞ்சு பழுப்பாகிக்கொண்டே வந்தது, ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எங்கே களிம்பு முடிந்து எங்கே முகம் தொடங்குகிறது என்று முவாஜுமா கண்ணாடியில் தேடினாள், பிடிபடவில்லை. தொலைபேசி அதிர்ந்தது. அம்மா. "பேசினாயா மகளே?" "பேசினேன் அம்மா." "நான் கேட்பேன் அல்லவா?" எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்தது. "நிறையப் பேர் கேட்டார்கள் அம்மா" என்றாள். அம்மா மகிழ்ந்து, பக்கத்து வீட்டாரிடம் இப்போதே சொல்லிவைப்பதாகக் கூறி வைத்தாள். தவமணிக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "எல்லாம் சிரிச்சானுங்களே கண்ணு, எனக்கு மட்டும் என்னவோ நெஞ்சு திக்குன்னுச்சு. நானேன்னு கத்துனியே, அது என்னா?"

"நம்பர்தான் அக்கா. எட்டு."

"எட்டா?" என்றாள் தவமணி. எண்ணைத்தான் கேட்டாள்; முவாஜுமாவின் காதில் அது, கைக்கு எட்டாத என்றும் விழுந்தது.

முவாஜுமா அந்தச் சொல்லை அவள் சொன்னபடியே திருப்பிச் சொன்னாள்: "எட்டா."